மரத்தில் படம் பொறிக்கும்போது வேண்டாத கோடு, புள்ளி, புகைக்கறை: எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

பிறை பரிசுக்கடை, பினாங்கு:

வணக்கம். வீட்டிலேயே 10 வாட் டயோட் லேசர் ஒன்றை வைத்து மரப்பலகையில் பொறித்துக் கொடுக்கிறேன். பெயர்ப்பலகை, சாவிக்கொத்து, வேல் படம் போட்ட சின்னப் பலகை எல்லாம் சுத்தமாக வருகிறது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர் வாங்கியிருக்கிறார்கள், யாரும் குறை சொன்னதில்லை. ஆள் முகம் என்று வந்தால்தான் தகராறு.

இப்போது கையில் இருப்பது ஒரு கல்யாண ஜோடிப் படம். 200க்கு 150 மில்லிமீட்டர் ரப்பர் மரப் பலகை, துண்டு துண்டாக ஒட்டிச் சேர்த்து வருமே அது. பெண் வீட்டார் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம். செட்டிங் சொல்கிறேன்: லைட்பர்ன் மென்பொருள், வேகம் நிமிடத்துக்கு 6000 மில்லிமீட்டர், பவர் 45 சதவீதம், கோட்டு இடைவெளி 0.1, ஜார்விஸ் டித்தரிங் (சாம்பல் நிறத்தைக் கரும்புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் முறை), போகும்போதும் வரும்போதும் எரிகிறது. மடிக்கணினியிலிருந்து யுஎஸ்பி கம்பி வழியாக ஓடுகிறது.

வருகிற கோளாறு ஒன்றல்ல. பின்னணி வெள்ளையாக, வெறும் மரமாக இருக்க வேண்டிய இடத்தில் மிளகுத்தூள் தூவியது போலப் பொடிப்பொடியாகப் புள்ளிகள். படத்தின் இடது வலது ஓரங்களில் மேலிருந்து கீழ்வரை கருத்த பட்டை. மாப்பிள்ளையின் கன்னத்துக்குக் குறுக்கே வெளிறியும் கருத்தும் வரிகள், அவற்றுக்குச் சம இடைவெளியும் இல்லை. படத்தின் மேல் விளிம்புக்கு வெளியே பழுப்பு மூட்டம், விரலால் தேய்த்தால் கொஞ்சம் கையோடு வருகிறது. இதெல்லாம் போதாதென்று முகம் இருக்கிற பகுதியில் அங்கங்கே ஒரு தனிக் கரும்புள்ளி, அந்த இடம் வரும்போது மெஷின் டக் டக்கென்று தயங்குகிற சத்தமும் கேட்கிறது.

பவரை ஏற்றி இறக்கிப் பார்த்தேன். வேகத்தைக் குறைத்தேன். ஒன்று குறைந்தால் இன்னொன்று கூடுகிறது. எதை முதலில் பார்க்க வேண்டும்?


சாவிக்கொத்து:

பவர் அதிகம் ப்ரோ. 30க்கு இறக்குங்கள், லேசர் முனையில் ஊதும் காற்றை முழுசாகத் திறந்து விடுங்கள், பலகை மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுப் பொறியுங்கள். எனக்கு இதுதான் எப்போதும் வேலை செய்கிறது.


பழைய ஃபிட்டர், செந்தூல்:

பவரைக் குறைத்தால் எல்லாக் கறையும் கொஞ்சம் வெளிறும், படமும் சேர்ந்து வெளிறும். காரணம் அப்படியே இருக்கும். தம்பி சொல்வதைப் பார்த்தால் குறைந்தது நான்கு தனித்தனிக் கோளாறு ஒரே பலகையில் உட்கார்ந்திருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே திருகில் சரிசெய்யப் பார்ப்பதால்தான் ஒன்று குறைந்தால் ஒன்று கூடுகிறது.

நான் முதலில் கேட்பது ஒன்றுதான். அந்தக் கறை யாருடையது? மரத்துடையதா, மெஷினுடையதா, படத்துடையதா? இதைக் கண்டுபிடிக்க மீட்டர் கீட்டர் எதுவும் வேண்டாம். முகம் இருக்கிற பகுதியை மட்டும் 50 மில்லிமீட்டர் சதுரமாக வெட்டி எடுத்து ஒரு மீதித் துண்டில் பொறியுங்கள். அப்புறம் செட்டிங்கைத் தொடாமல் மரத்தை மட்டும் 90 டிகிரி திருப்பி வைத்து, பக்கத்தில் இன்னொன்று. மரத்தோடு சேர்ந்து திரும்புகிற வரிகள் மரத்துடையவை. மூன்றாவதாக, மரத்தை அப்படியே விட்டுவிட்டு மென்பொருளில் படத்தை 90 டிகிரி திருப்பிப் பொறியுங்கள். படத்தோடு திரும்புகிற கறை கோப்புக்குள்ளேயே இருக்கிறது. மரத்தை எப்படி வைத்தாலும் படத்தை எப்படித் திருப்பினாலும் அதே திசையில் நிற்கிறதே, அது மெஷின்.

என் அப்பா செந்தூல் ரயில் பட்டறையில் இருந்தவர். சத்தம் கேட்டால் உடனே கழற்றாதே, முதலில் எந்தச் சக்கரத்தோடு சத்தம் சுற்றுகிறது என்று பார் என்பார். இதுவும் அந்தக் கணக்குதான்.

சோதனை முடியும்வரை மெஷின் பக்கம் எனக்குத் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன். ஓரத்துப் பட்டையும் நடுவில் வரும் தனிக் கரும்புள்ளியும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாக இருக்கலாம். லேசர் தலை ஒவ்வொரு வரியின் முடிவிலும் நின்று திரும்ப வேண்டும். நிற்பதற்கு முன் வேகம் குறைகிறது. வேகம் குறைந்தும் பவர் குறையாவிட்டால் அந்த இடம் கருகும். ஜிஆர்பிஎல் என்ற நிரல் ஓடும் கட்டுப்பாட்டு போர்டில் எம்3 என்ற கட்டளை என்றால் பவர் மாறாமல் ஒரே அளவில் எரியும், எம்4 என்றால் வேகத்துக்கு ஏற்ப பவரும் ஏறி இறங்கும், தலை நின்றுவிட்டால் அணைந்தே போகும். லைட்பர்னில் அந்த லேயரின் செட்டிங்கைத் திறந்து கான்ஸ்டன்ட் பவர் என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா பாருங்கள், இருந்தால் எடுத்துவிடுங்கள். கன்சோலில் (கட்டளை தட்டும் கட்டத்தில்) $$ என்று தட்டினால் பட்டியல் வரும். அதில் $32 என்பது 1 ஆக இருக்க வேண்டும், அதுதான் லேசர் மோட். 0 ஆக இருந்தால் பவர் மாறுகிற ஒவ்வொரு இடத்திலும் மெஷின் ஒரு கணம் நிற்கும், நின்ற இடமெல்லாம் புள்ளி. அப்படியே $30 என்ன எண் காட்டுகிறது என்று பார்த்து, லைட்பர்னின் டிவைஸ் செட்டிங்கில் எஸ் மதிப்பின் (பவரைக் குறிக்கும் எண்ணின்) உச்சமும் அதே எண்ணா என்று ஒப்பிடுங்கள். பெரும்பாலும் இரண்டும் 1000. பொருந்தாவிட்டால் நீங்கள் கேட்கும் 45 சதவீதம் உண்மையில் 45 சதவீதமாக இருக்காது.

அடுத்தது ஓவர்ஸ்கேன். தலை படத்துக்கு வெளியே கொஞ்ச தூரம் ஓடிப் போய் வெறுமனே திரும்பி, முழு வேகம் பிடித்தபின் படத்துக்குள் நுழைவதற்கான இடம் அது. எவ்வளவு இடம் வேண்டும் என்பது பள்ளிக்கூடக் கணக்கு: வேகத்தின் வர்க்கத்தை முடுக்கத்தின் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். நிமிடத்துக்கு 6000 என்றால் வினாடிக்கு 100 மில்லிமீட்டர். உங்கள் பட்டியலில் $120 என்ற வரி எக்ஸ் அச்சின் முடுக்கம். அது 1000 என்றால் 10000ஐ 2000ஆல் வகுத்து 5 மில்லிமீட்டர் வேண்டும். 500 என்றால் 10 வேண்டும். லைட்பர்னில் 2.5 சதவீதம் என்று விட்டிருந்தால் இந்த வேகத்தில் கிடைப்பது 2.5 மில்லிமீட்டர்தான். மீதி தூரத்துக்குத் தலை படத்துக்குள்ளேயே வேகம் குறைகிறது, அதைத்தான் ஓரத்தில் பட்டையாகப் பார்க்கிறீர்கள். மெஷின் பெட்டின் (வேலை செய்யும் பரப்பின்) விளிம்பை ஒட்டிப் பலகையை வைக்காதீர்கள், ஓவர்ஸ்கேன் ஓட இரண்டு பக்கமும் இடம் விட வேண்டும்.

டக் டக் சத்தத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். 0.1 இடைவெளி என்றால் வினாடிக்கு 1000 புள்ளி. முகம் மாதிரி நடுச்சாம்பல் பகுதியில் ஏறக்குறைய ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு ஜி-கோட் வரி (மெஷினுக்கான கட்டளை) போகும். ஒரு வரிக்கு 9, 10 எழுத்து என்று வைத்தால் வினாடிக்கு 10,000 எழுத்துக்குப் பக்கம். 115200 பாட் வேகத்தில் ஓடும் கம்பியில் வினாடிக்கு அதிகபட்சம் 11,520 எழுத்துதான் போக முடியும். நூல் அளவு இடைவெளிதான் மிச்சம். மடிக்கணினி பின்னால் வேறு வேலை ஏதாவது பார்த்தால் மெஷினுக்குத் தீனி வராது, அது நிற்கும். வெள்ளையும் கறுப்பும் மட்டும் இருக்கிற வேல் படத்தில் ஒரே கட்டளையில் நீளமாக எரித்துவிட்டுப் போகும், அதனால் அங்கே இந்தத் தொல்லை தெரியாது. 3000 வேகத்தில் அதே முகத்தைப் போட்டுப் பாருங்கள், பவரையும் அதற்கேற்ப இறக்கி. சத்தம் நின்றால் கம்பிதான் காரணம். மெஷினில் மெமரி கார்டு போடும் வசதி இருந்தால் கோப்பை அதில் ஏற்றி ஓட்டுவது இன்னும் நல்லது.


பிறை பரிசுக்கடை:

அண்ணே, ரொம்ப நன்றி. சோதனையைப் போட்டுவிட்டேன். $32 சரியாக 1 என்றுதான் இருக்கிறது. $120 பார்த்தால் 500. கான்ஸ்டன்ட் பவர் டிக் போட்டபடி இருந்தது, மெஷினோடு வந்த செட்டிங் கோப்பிலேயே அப்படித்தான் கொடுத்திருக்கிறார்கள். அதை எடுத்துவிட்டு ஓவர்ஸ்கேனை 10 மில்லிமீட்டர் வருகிற மாதிரி ஏற்றினேன். ஓரத்துப் பட்டை போயே போய்விட்டது. தனிக் கரும்புள்ளியும் இல்லை, ஆனால் டக் டக் சத்தம் இன்னும் இருக்கிறது, அந்த இடத்தில் இப்போது கறுப்புக்குப் பதில் மங்கலாக ஒரு தழும்பு. 3000 வேகத்தில் அதுவும் இல்லை.

மீதிக்கு வருகிறேன். கன்னத்து வரிகள் மரத்தோடு திரும்பின. மிளகுப்புள்ளிகள் படத்தோடு திரும்பின. மூட்டம் மட்டும் எப்படித் திருப்பினாலும் மெஷினின் பின்பக்கம்தான், அங்கேதான் ஜன்னலுக்குப் போகிற ஃபேன் இருக்கிறது.


படம் திருத்துகிறவள், பிரிக்பீல்ட்ஸ்:

புள்ளி படத்தோடு திரும்புகிறது என்றால் அது என் பக்கம். தம்பி, அந்த வாட்ஸ்அப் படத்தைப் பெரிதாக்கி, பின்னணியில் கர்சரை வைத்து எண்ணைப் பாருங்கள். கண்ணுக்கு வெள்ளை, எண்ணில் வெள்ளை கிடையாது. சுத்த வெள்ளை என்றால் 255. அங்கே 245 என்று இருந்தால், டித்தரிங் அதை வெளிர்ச் சாம்பல் என்று எடுத்துக்கொண்டு நூறு புள்ளிக்கு ஏறக்குறைய நாலு புள்ளியைச் சுடும். அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. போதாக்குறைக்கு ஜேபெக் சுருக்கத்தில் தலைமுடி, பட்டுக்கரை ஓரங்களைச் சுற்றிப் பொடிக் கசடு சேர்ந்திருக்கும், அதையும் ஒன்றுவிடாமல் பொறிக்கும்.

படம் வாங்கும்போதே டாகுமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், அப்போது சுருங்காமல் வரும். பிறகு எந்தப் படச் செயலியிலாவது லெவல்ஸ் திறந்து, வெள்ளை முனையை பின்னணியின் எண் வரைக்கும் இழுத்துவிட்டால் பின்னணி முழுக்க 255 ஆகிவிடும். பின்னணியில் மண்டப அலங்காரம் எல்லாம் இருந்தால் ஆளை மட்டும் வெட்டி எடுத்துவிடுவது நல்லது. மரத்தில் அந்தப் பூத்தோரணம் எல்லாம் வெறும் கறுப்புக் குழப்பமாகத்தான் வரும், யாரும் அதைக் கேட்பதில்லை.

அளவு முக்கியம். 0.1 இடைவெளி என்றால் 254 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 254 புள்ளி. 150 மில்லிமீட்டர் அகலத்துக்கு 1500 பிக்சல் வேண்டும். முதலில் அந்த அளவுக்குக் கொண்டு வந்துவிட்டுத்தான் டித்தரிங். சிலர் வெளியே ஓர் இணையதளத்தில் டித்தர் செய்த படத்தைக் கொண்டுவந்து, லைட்பர்னில் மூலையைப் பிடித்துப் பெரிதாக்குவார்கள். அப்போது துணியில் நெசவு தெரிவதுபோல் கட்டம் கட்டமாக ஒரு வரி வரும், அதற்கு மெஷினைக் கழற்றிப் பிரயோஜனமில்லை. வெளியே டித்தர் செய்தால் கடைசி அளவிலேயே செய்து, லைட்பர்னில் பாஸ் த்ரூவில் (படத்தை மாற்றாமல் அப்படியே ஓட்டும் தேர்வில்) வைத்து, அளவைத் தொடாமல் ஓட்ட வேண்டும்.

ஷார்ப்பன் கூடினாலும் முகத்தைச் சுற்றி வெள்ளை வளையம் விழும். மரத்துக்குக் கொஞ்சம் கூடுதல் ஷார்ப்பன் வேண்டும்தான், அதற்காகத் தாடையைச் சுற்றி ஒளிவட்டம் வருகிற அளவுக்கு வேண்டாம்.

இன்னொன்று நம் ஆட்கள் படத்துக்கே உரியது. மாநிறத் தோலை அப்படியே கறுப்பு வெள்ளையாக மாற்றினால் முகம் மொத்தமும் நடுச்சாம்பலாக விழுந்து, மரத்தில் இன்னும் கருத்து, கண்ணும் மூக்கும் ஒன்றாகிவிடும். சுட்ட புள்ளி எப்போதும் பிக்சலை விடக் கொஞ்சம் பெரிதாகத்தான் விழும், அதனால் திரையில் பார்ப்பதை விட மரத்தில் கருப்பு கூடும். சிவப்பு சேனலை மட்டும் எடுத்து மாற்றினால் தோல் வெளுத்து, தழும்பு, பருவெல்லாம் தணிந்து அழகாக வரும். ஆனால் குங்குமப் பொட்டும் சிவப்புதானே, அது நெற்றியிலேயே கரைந்து போகும்! கூரைப் புடவை அரக்கு நிறமாக இருந்தால் அதுவும் வெளிறும். கல்யாணப் படத்தைப் பொட்டில்லாமல் கொடுத்துப் பாருங்கள், பெண்ணின் அம்மா பலகையைத் திருப்பித் தலையில் அடிப்பார். நான் சிவப்பில் 60, பச்சையில் 40 என்று கலந்து ஆரம்பிப்பேன், அப்புறம் பொட்டை மட்டும் தனியாகத் தேர்ந்து கருக்குவேன். தாலி மஞ்சள் கயிறாக இருந்தால் அதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.


சாவிக்கொத்து:

பொட்டு விஷயம் நல்லா இருக்கு அக்கா, யோசித்ததே இல்லை. ஆனால் மூட்டத்துக்கு நான் சொன்ன மாஸ்கிங் டேப் தப்பில்லையே? கேக் டாப்பர் எல்லாம் அப்படித்தான் செய்கிறேன், உரித்தால் பளிச்சென்று இருக்கும்.


மரத்தூள், புக்கிட் மெர்தாஜாம்:

எழுத்துக்கும் வெட்டுக்கும் டேப் சரி. முகத்துக்கு வேண்டாம். டித்தர் செய்த முகம் என்பது ஆயிரக்கணக்கான தனிப்புள்ளி, டேப்பை ஒவ்வொன்றாகத் துளைத்து எரிக்க வேண்டும், வெளிர்ப் புள்ளிகள் டேப்போடு நின்றுவிடும். அப்புறம் புள்ளிகளுக்கு நடுவே ஒட்டியிருக்கும் தூள் டேப்பை ஊசியால் நோண்டி எடுக்க ராத்திரி பூரா உட்கார வேண்டும். காற்றை முழுசாகத் திறப்பதும் படத்துக்கு ஆகாது. வெட்டும்போது பலமான காற்று வேண்டும், தீப்பிடிக்காமல் இருக்க. படத்தில் பலமாக ஊதினால் கருப்பு வராமல் வெறும் பழுப்பாக நிற்கும். லென்ஸில் புகை ஏறாத அளவுக்கு மெல்லிய ஊதல் போதும். சுத்தமாக நிறுத்தியும் விடாதீர்கள், லென்ஸ் கருத்தால் பவர் இறங்கி, பலகையின் கடைசிப் பாதி வெளிறிவிடும்.

அந்த மூட்டம் என்பது மரம் எரிகிறபோது ஆவியாகிற தார், குளிர்ந்த இடத்தில் படிகிறது. உங்கள் ஃபேன் பின்னால் இழுக்கிறது, அதனால் மேல் விளிம்பில் படிகிறது. லைட்பர்ன் கீழிருந்து மேலே போகிற மாதிரி வைத்திருந்தால் அப்படியே விடுங்கள், புகை இன்னும் பொறிக்காத மரத்தின் மேல் போகும், முடிந்த புள்ளிகளுக்குள் கரி இறங்காது. ஆனால் பொறிக்காத மரத்துக்கு ஒரு காப்பு வேண்டும். 240 நம்பர் உப்புத்தாளால் ரேகையோடு தேய்த்து, தூசியைத் துடைத்து, தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட (வாட்டர் பேஸ்) நிறமற்ற சீலர் ஒரு மெல்லிய பூச்சு பூசி, நன்றாகக் காயவிட்டுப் பொறியுங்கள். தார் மரத்துக்குள் இறங்காமல் மேலேயே நிற்கும், முடிந்ததும் லேசாக ஈரத்துணியால் ஒற்றி எடுத்தால் வந்துவிடும். சீலர் பூசாத மரத்தில் என்றால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணி, தேய்க்காமல் ஒற்றல் மட்டும், தேய்த்தால் கரியை வெள்ளைப் பகுதிக்கு இழுத்துவிடும். ஷெல்லாக் பூசிய பலகையில் ஆல்கஹால் தொடக்கூடாது, பூச்சே கரைந்து வரும். ஆல்கஹாலால் துடைத்த பலகையை ஈரம் காயாமல் மறுபடி லேசருக்கு அடியில் வைக்காதீர்கள், அதைச் சொல்லவே வேண்டாம்.

ரேகைக்குக் குறுக்கே தேய்த்த உப்புத்தாள் கீறலும் ஒரு வேண்டாத கோடுதான், கரி அதில் போய் உட்கார்ந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். வியர்த்த கையால் பலகையைத் தொட்டால் விரல் பட்ட இடம் தனியாகத் தெரியும்.

இனி கன்னத்து வரி. அது ரப்பர் மரத்தின் குணம். பால் வற்றிய மரத்தை 25, 30 வருஷத்தில் வெட்டிவிட்டு மறுநடவு செய்வார்கள், அந்த மரம்தான் பலகையாக வருகிறது. விலை மலிவு, நிறம் வெளிர், மேசை நாற்காலிக்கு அருமை. ஆனால் உங்கள் பலகை ஒரே மரம் கிடையாது. விரலைக் கோர்த்த மாதிரி பல் வெட்டி, பத்துப் பதினைந்து துண்டை ஒட்டியது. ஒரு துண்டு நேர்ரேகை, அடுத்தது படுத்த ரேகை, ஒன்று கொஞ்சம் கடினம், ஒன்று மென்மை. ஒரே பவர் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு கருப்பாக விழும். ஒட்டு வந்த இடத்தில் நிறம் கத்தி வைத்து வெட்டியதுபோல மாறினால் அது துண்டு மாறிய இடம். மெல்லிய நீள நீளக் கீற்றாக வந்தால் அது மரத்தின் துளைகள், அதற்குள் புள்ளி சரியாக விழாது. செட்டிங்கில் இதற்கு மருந்து இல்லை.

பெயர்ப்பலகைக்கு ரப்பர் மரம் போதும். முகத்துக்கு 3 மில்லிமீட்டர் பாஸ்வுட் பிளைவுட் வாங்குங்கள், இல்லாவிட்டால் ஜெலுத்தோங். ஜெலுத்தோங் நம் ஊர் மரம், மென்மை, ரேகையே கண்ணுக்குத் தெரியாத மாதிரி சீராக இருக்கும், சிற்பத்துக்கும் அச்சு செய்வதற்கும் அதைத்தான் எடுப்பார்கள். அதிலும் ஒரு குறை உண்டு, அங்கங்கே பால் ஓடிய வெடிப்பு ஒன்று சின்னக் கண் மாதிரி இருக்கும், முகம் வரும் இடத்தில் அது விழாமல் பலகையைத் தேர்ந்துகொள்ள வேண்டும். பலகைப் பெட்டி உடைத்த பைன் மரத்தில் முகம் போடவே போடாதீர்கள், மென்மையான வெளிர் வளையம் ஆழமாக எரிந்து, கடினமான வளையம் எரியாமல் நின்று, ஆளுக்கு வரிக்குதிரை முகம் வரும்.

பிளைவுட் வாங்கினால் தட்டையாகக் கனம் வைத்து வையுங்கள். நம் ஊர் ஈரத்தில் மெல்லிய பலகை ஒரே மழையில் வளைந்துவிடும். வளைந்தால் நடுவில் ஃபோகஸ் சரி, ஓரத்தில் கோடு தடித்து அடுத்த கோட்டோடு சேர்ந்து கருக்கும். நாலு மூலையிலும் பிடித்து வைத்து, ஓரத்திலும் ஒரு தடவை ஃபோகஸ் உயரம் அளந்து பாருங்கள்.


பழைய ஃபிட்டர், செந்தூல்:

மரத்தூள் சொன்னது சரி, முகத்துக்கு ரப்பர் மரம் வேண்டாம். ஒன்று சேர்க்கிறேன், யாராவது 300 டிபிஐ போடச் சொன்னால் உடனே போய்விடாதீர்கள். 300 என்றால் இடைவெளி 0.0847. பல மெஷின்களில் மோட்டார் மில்லிமீட்டருக்கு 80 அடி (ஸ்டெப்) எடுத்து வைக்கும், அதாவது ஒரு அடி 0.0125 மில்லிமீட்டர். 0.0847ஐ அதால் வகுத்தால் முழு எண் வராது. மெஷின் ஒரு வரிக்கு 7 அடி, இன்னொரு வரிக்கு 6 அடி என்று தள்ளும், அது மெல்லிய குறுக்குப் பட்டையாகத் தெரியும். 0.1 என்றால் சரியாக 8 அடி. நெருக்கம் வேண்டுமானால் 0.0875 போடுங்கள், 7 அடி. உங்கள் எண் 80 தானா என்று $101 வரியில் பாருங்கள்.

மெஷினோடு நிற்கிற பட்டை இனி எப்போதாவது வந்தால் ஸ்கேல் வைத்து இடைவெளியை அளந்துவிட்டு எழுதுங்கள். 2 மில்லிமீட்டருக்கு ஒன்று என்றால் பெல்ட்டின் பல், ஏதோ ஒரு உருளை மேல் தட்டுகிறது. 40 மில்லிமீட்டருக்கு ஒன்று என்றால் 20 பல் புல்லி ஒரு சுற்றுக்கு ஒரு முறை ஆடுகிறது, அதன் திருகைப் பாருங்கள். எழுத்து விளிம்பு இரட்டையாக, வரி விட்டு வரி தள்ளித் தெரிந்தால் பெல்ட் தளர்வு, அல்லது போகும்போதும் வரும்போதும் எரிவதில் உள்ள தாமதம். பெல்ட்டை இறுக்கியும் போகாவிட்டால் லைட்பர்னில் ஸ்கேனிங் ஆஃப்செட் அட்டவணை இருக்கிறது, வேகத்துக்கு வேகம் அளந்து போட வேண்டும்.


பிறை பரிசுக்கடை:

அக்கா சொன்ன மாதிரி பின்னணி எண்ணைப் பார்த்தேன், 243. வெள்ளை முனையை இழுத்ததும் மிளகு மொத்தமும் போய்விட்டது. பொட்டைத் தனியாகக் கருக்கினேன். சீலர் ஒரு பூச்சு போட்டேன், மூட்டம் ஈரத்துணியில் வந்துவிட்டது. மெமரி கார்டில் ஏற்றி ஓட்டினால் டக் டக் சத்தமும் இல்லை, வேகத்தையும் குறைக்க வேண்டியதில்லை.

பாஸ்வுட் பிளைவுட்டில் முகம் அருமையாக வந்திருக்கிறது. ஆனால் வாடிக்கையாளர் பலகை கனமாக இருக்க வேண்டும், மெல்லிய பலகை வேண்டாம் என்கிறார். ரப்பர் மரத்தையே பின்பலகையாக வைத்து மேலே பிளைவுட்டை ஒட்டலாமா?


மரத்தூள், புக்கிட் மெர்தாஜாம்:

ஒட்டலாம். பொறித்து, துடைத்து, மேல் வார்னிஷ் எல்லாம் முடித்தபிறகு ஒட்டுங்கள், முதலில் ஒட்டிவிட்டுப் பொறித்தால் பலகை வளைகிற இடத்தில் ஃபோகஸ் போய்விடும். வெள்ளைக் கோந்து போதும், மெல்லியதாக, ஓரத்தில் பிதுங்காமல். பிதுங்கினது உடனே துடைக்கப்படாவிட்டால் வார்னிஷ் அடித்ததும் அந்த இடம் தனி நிறமாகத் தெரியும். கனத்தை வைத்து ஒரு ராத்திரி விடுங்கள், பெயரும் தேதியும் கீழே ரப்பர் மரத்திலேயே பொறித்துக்கொள்ளலாம், எழுத்து அதில் நன்றாகத்தானே வருகிறது.